ராஜாராம் கொடுத்த நிலம்

எங்கள் ஊர் உயர்நிலைப்பள்ளி நிற்கிற இடம் முன்பு கேழ்வரகு விளைந்த கொல்லை. மானாம்பதி சாலையை ஒட்டின அந்தக் கொல்லையை 1973-ல் பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிக் கொடுத்தவர் ராஜாராம். பெரிய தர்மம் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அவர் மகள் தேவகிக்காகத்தான் அதைக் கொடுத்தார்.

அப்போது ஊரில் எட்டாவது வரைதான். அதற்கு மேல் பையன்கள் உத்திரமேரூருக்கு சைக்கிளில் போனார்கள். பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை, ராஜாராமுக்கும்தான். தேவகியோ, கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு வாத்தியார் திரும்புவதற்குள் விடை சொல்கிறவள்.

பாண்டுரங்கன் வாத்தியார் வீடு தேடி வந்தார். "உயர்நிலைப்பள்ளி ஆக்க கவர்மெண்ட் ரெடியா இருக்கு. நெலம் மட்டும் ஊர் குடுக்கணும்" என்றார். கதவோரம் நின்ற ராஜாராமின் மனைவி சொக்கம்மாள், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். இருந்ததே அந்தக் கொல்லையும் ஏரிக்குக் கீழே கொஞ்சம் நஞ்சையும்தான். ராஜாராம் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"ஒரு வருசம் வூட்ல இரும்மா. ஒம்பதாவது இங்கியே வந்துடும்" என்று மகளிடம் சொன்னார்.

வரவில்லை. நிலத்தை அளந்துவிட்டுப் போனவர்கள் திரும்ப வெகுகாலம் ஆயிற்று. பிறகு சுவர் இடுப்பளவு எழும்பி அப்படியே நின்றது. தேவகி எட்டாவது புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படித்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டு நடவுக்குப் போனாள். வயசுக்கு வந்த பெண்ணை எத்தனை நாள் வீட்டில் வைத்திருப்பாய் என்று சொக்கம்மாளின் அண்ணன்கள் வந்து சத்தம் போட்டார்கள். 1976 தை மாசம் தென்னேரி சுப்பிரமணிக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

மறு வருஷம் ஜூனில் பள்ளி திறந்தது. ராஜாராமுக்கு மாலை போட்டார்கள். மாசமாக இருந்த தேவகியும் வந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் நேராக பாண்டுரங்கனிடம் போனாள்.

"சார், நான் இப்ப சேந்துக்கலாமா?"

அவர் சிரித்தார். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. "வயித்துல புள்ளையோட எப்படிம்மா..." என்று முடிக்காமல் விட்டார். பக்கத்தில் நின்ற ராஜாராமுக்குக் கழுத்து மாலையைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

பள்ளி நன்றாகத்தான் நடந்தது. சாரணர் பிள்ளைகள் வேலியோரம் புங்கங்கன்று நட்டார்கள். பெண்பிள்ளைகளின் வளையப்பந்து அணி காஞ்சிபுரம் போய் கோப்பையோடு வந்தது. ஆண்டு விழாவில் நாடகம், கும்மி எல்லாம் உண்டு. எல்லாவற்றுக்கும் ராஜாராமை அழைப்பார்கள். காய்ச்சல் என்றோ அறுப்பு என்றோ சொல்லி அனுப்பிவிடுவார்.

1982-ல் பம்புசெட்டில் மின்சாரம் தாக்கி சுப்பிரமணி செத்துப்போனான். தேவகி தன் சின்னஞ்சிறு மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்தாள். இரண்டு வருஷம் கழித்து சத்துணவு எங்கள் பள்ளிக்கும் வந்தது. அமைப்பாளர் வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி. கேட்டார்கள். எட்டாவது படித்த தேவகிக்குச் சமையல் வேலைதான் கிடைத்தது.

முதல் நாள் அவள் கிளம்பும்போது ராஜாராம் வழியை மறித்தார். "போவாதம்மா. நம்ம கொல்லையில நீ அடுப்பு ஊதிக்கினு நிக்கறத நான் பாக்கணுமா?"

"நீ பாக்காத நைனா. எனக்கு வேலை வேணும்."

"எம்மேல கோவமா?"

"நெலத்தக் குடுத்துட்டே. அவங்க நேரத்துல கட்டல. அதுக்கு நீ இன்னா பண்ணுவே?" படி இறங்கியவள் நின்றாள். "கல்யாணத்துக்கு மட்டும் வேணாம்னு நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்."

அன்றிலிருந்து அவர் கழனிக்குப் பள்ளிச் சாலையில் போவதில்லை. ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார்.

பாண்டுரங்கன் விடவில்லை. தனித்தேர்வராக எஸ்.எஸ்.எல்.சி. எழுதச் சொல்லிப் புத்தகங்கள் கொடுத்தார். அடுப்படியில் உட்கார்ந்து தேவகி சில மாசம் படித்துப் பார்த்தாள். அல்ஜீப்ரா பிடிபடவில்லை. ஒருநாள் எல்லாவற்றையும் துடைத்து அடுக்கிக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தாள். "ஒண்ணும் தலையில நிக்கல சார். பருப்பு வெந்துச்சா, தண்ணி பத்துமான்னே நெனப்பு ஓடிக்கினு கீது" என்றாள். அவர் வற்புறுத்தவில்லை.

1987 ஐப்பசி மழையில் ராஜாராம் இறந்தார். காலைப் பிரார்த்தனையில் அவர் பெயரைச் சொல்லிவிட்டு விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் தட்டுகளைத் தட்டிக்கொண்டு, மழையில் நனைந்தபடி ஓடியது சாவு வீடு வரைக்கும் கேட்டது. தேவகி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். ஈர விறகு புகைந்துகொண்டே இருந்தது. அன்று சாம்பாருக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். பிள்ளைகள் யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.