அக்காவின் விரலுக்கு ஏற்ற பொத்தான்

அலுவலகத்தில் அவளை 'ஸ்கேல்' என்று கூப்பிடுவார்கள். திரையில் ஓர் எழுத்து நூலளவு நகர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். வீட்டிலிருந்தே சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கான செயலிதான் அவர்களுடைய வேலை. தினமும் காலையில் நோயாளி, வலி எப்படி இருக்கிறதென்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதைப் பார்த்து நர்ஸ் வருவார்.

அவளுடைய அக்காவும் அந்தச் செயலியில் ஒரு நோயாளி. புற்றுநோய். மருந்தின் வேகத்தில் விரல்கள் நடுங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை 'கடும் வலி'யை அழுத்தப்போய், ஒட்டினாற்போல் கீழே இருந்த 'லேசான வலி'யில் விரல் பட்டுவிட்டது. நர்ஸ் வரவில்லை. மாலையில் இவள் போனபோது அக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

"ஏன்க்கா எனக்கு போன் பண்ணல?"

"நர்ஸ் இப்போ வந்துடுவாங்கன்னு நெனச்சேன்டி. உன் பட்டனெல்லாம் எறும்புக்குச் செஞ்ச மாதிரி இருக்கு." சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அந்தப் பொத்தான்கள் இவள் செய்தவை அல்ல. வெளியார் யாரோ ஆயத்தமாகச் செய்துவைத்த, 'லைப்ரரி' எனப்படும் நிரல்தொகுப்பிலிருந்து எடுத்தவை. அதற்குள் கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் மாற்றமெல்லாம் அழிந்துபோகும். இரண்டு முறை அப்படி ஆகித்தான் விட்டுவிட்டார்கள். இப்போது அவள் வேறு வழி எடுத்தாள். நிரலைத் தொகுத்துச் செயலியாக்கும் அந்த நேரத்தில் குறுக்கே புகுந்து வேலை செய்யும் 'ப்ளக்இன்' என்ற சிறு துணைநிரல் ஒன்றை எழுதினாள். லைப்ரரியின் அளவுகளை அதுவே தேடிப் பிடித்து, பொத்தானைப் பெரிதாக்கி, இடைவெளியை அகட்டி, சாம்பல் எழுத்தைக் கறுப்பாக்கிவிடும். லைப்ரரியின் மூலத்தில் ஒரு வரிகூட மாறாது; அப்டேட் வந்தாலும் இது அழியாது.

மேலாளர் முகம் சுளித்தார். "பாக்க நல்லாவே இல்லையேம்மா. அழகே போச்சு."

"கை நடுங்க நடுங்க அழுத்திப் பாருங்க சார்."

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் சோதனை, ஒப்புதல் என்று மூன்று வாரம் ஓடிவிட்டது.

புதிய திரையை அக்கா ஆறு நாள் பயன்படுத்தினாள். ஒரு நாளும் விரல் தவறவில்லை. ஏழாம் நாள் காலையில் அழுத்த அவள் இல்லை.

இரண்டு வாரம் கழித்து இவள் வேலைக்குத் திரும்பினாள். அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் போன் செய்து, மாற்றி அழுத்துகிறவர்கள் இப்போது அநேகமாக இல்லை என்றார். "நல்லா பண்ணியிருக்கீங்கம்மா."

"ரெண்டு வருஷமா அந்தச் சின்ன பட்டன் என் கண்ணு முன்னாடிதான் சிஸ்டர் இருந்துச்சு."

நர்ஸ் போனை வைக்காமல் காத்திருந்தார்.