மூன்று நாளாய்ச் சாகாத கிழவர்

இதையெல்லாம் தெரிந்துகொண்டு உனக்கு என்ன ஆகப்போகிறது? உன் அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிறது, நீ என் இங்கிலீஷ் படிப்பை விசாரிக்க வந்துவிட்டாய். சரி, வந்தது வந்தாய், இந்த மிளகைக் காம்பு நீக்கிக்கொண்டே கேள்.

என் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். அடுத்த வருடம் இங்கிலீஷ் இலக்கியம்தான் எடுப்பேன் என்று ஒரே பிடிவாதம். டீச்சர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரு கதைப் புத்தகத்தை வீட்டில் தினமும் சத்தமாக வாசித்து முடிக்க வேண்டும். கேட்ட பெரியவர் கொப்பியில் கையெழுத்துப் போட வேண்டும். முடிக்காதவர்களுக்கு அந்த வகுப்பில் இடமில்லை. அவள் அம்மா குவைத்தில். மிச்சம் இருந்தது நான், இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் என் பெயரை எழுதி முடிப்பதற்குள் சோறு வெந்துவிடும்.

மாலையில் நான் மிளகு ஆய்வேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் காது இருக்கிறதே! முதலில் கடகடவென்று போவாள். பிறகு யாரோ அதட்டுகிற மாதிரி ஓர் இடம். அப்புறம் குரலை இறக்கி, இழவு வீட்டில் பேசுவதுபோல் ஓர் இடம். யாரோ ஒரு கிழவர் போகப்போகிறார் என்று நானும் உச்சுக்கொட்டினேன். கையெழுத்தும் போட்டேன்.

மறுநாளும் அதட்டல், இழவு. மூன்றாம் நாளும் அதே. நாலாம் நாள் அவள் குரலை இறக்கியதும் கேட்டேன்.

“ஏ புள்ள, அந்தக் கெழவரு இன்னும் சாகலியா?”

“எந்தக் கெழவரு அம்மாயி?”

“மூணு நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்காரே, அவருதான். ஒண்ணு எந்திரிக்கச் சொல்லு, இல்லாட்டி அடக்கம் பண்ணு.”

அவள் முகம் சுண்டிப்போனது. “அடுத்த பக்கமெல்லாம் கஷ்டம் அம்மாயி. உங்களுக்குத்தான் வெளங்காதேன்னு...”

“வெளங்காதுதான். செவிடுன்னு யாரு சொன்னா?”

பேனையைப் பிடுங்கி மூன்று கையெழுத்தையும் வெட்டினேன்.

“ஐயோ, டீச்சர் பாத்தா என்னைய எடுக்கமாட்டாங்க!” என்று அழுதாள்.

“அப்ப வாசி.”

அன்றிலிருந்து, வாசித்ததைத் தமிழில் சொன்னால்தான் கையெழுத்து. அகராதியைப் புரட்டிப் புரட்டிச் சொன்னாள். ஒருநாள் விளங்காத பக்கத்துக்கு அவளாகவே ஒரு கல்யாணம் வைத்தாள்.

“வாசிக்கையில ஒரு சந்தோசமும் இல்லியே, மாப்பிள்ள ஓடிட்டாரா?” என்றேன். திரும்ப வாசித்தாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் மாத்தளைக்கு பஸ் ஏறினோம். கொப்பியில் வெட்டிய இடத்தில் டீச்சரின் விரல் நின்றது.

“இது என்னம்மா?”

“அந்த மூணு நாளும் நான் சரியாக் கேக்கல டீச்சர். மெளகு வேல.”

பேத்தி என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “பொய் டீச்சர். நாந்தான் அதே பக்கத்தத் திரும்பத் திரும்ப வாசிச்சேன். அம்மாயி பிடிச்சிட்டாங்க.”

எப்படிப் பிடித்தேன் என்று கேட்டு, டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சரி, கெழவரு கடைசியில என்ன ஆனாரு?”

பேத்தி இங்கிலீஷிலேயே சொன்னாள், எங்கும் நிற்காமல். காய்ச்சல் விட்டதும் கிழவர் எழுந்து, அதட்டின மகனையே அதட்டுகிற இடம் வந்ததும், முன்பே தமிழில் கேட்டதுதானே, குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் தலையாட்டினேன். அவள் பெயரை டீச்சர் எழுதிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“பேத்திக்கு எடம் கெடச்சிருச்சு. டீச்சர் என்னையும் வகுப்புக்கு வரச் சொல்லிக் கெஞ்சினாங்க. மெளகு காயுதேன்னு நாந்தான் மாட்டேன்னுட்டேன்,” என்றேன்.