பித்தவெடிப்பும் மின்னோட்டமும்

மனித உடம்புக்குள் மின்சாரம் எந்த வழியால் போகும் என்று கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பது என் வேலை. தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் மின்தடையைக் கொடுத்தால், திரையில் ஓர் உடம்பு நிறம் மாறும். பல்கலைக்கழக விடுமுறையில் நீர்வேலியில் அண்ணை வீட்டில் இருந்தபடியே அதைச் செய்தேன். அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது.

அண்ணையின் வாழைத்தோட்டத்து மோட்டார் பழசு. கிணற்றடியில் வைரவர் சூலம் நிற்பதால் ஒருவரும் செருப்போடு போவதில்லை. மோட்டாரைப் போட்டதும், அண்ணை ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்று புறங்கையால் அதைத் தொட்டுப் பார்ப்பார். சுள்ளென்றால் வயரை ஓர் உலுக்கு உலுக்குவார். அதுதான் அவருடைய பரிசோதனை.

"அண்ணை, ஒருநாளைக்கு அது உங்களை விடாது."

"என்ரை கால் மாட்டுத்தோல். உன்ரை கொம்பியூட்டரிலை போட்டுப் பார்."

போட்டேன். தடித்த தோலைக் கொடுத்ததும், ஆபத்தில்லை என்று திரை நீலமாகவே இருந்தது. அண்ணை சிரித்த சிரிப்பில் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவருடைய குதிக்காலைத் திருப்பிப் பார்த்தேன். பாளம் பாளமாகப் பித்தவெடிப்பு. வெடிப்புகளுக்குள் சேற்றுத் தண்ணீரை நிரப்பி மறுபடி கணக்கிட்டேன். பாதத்திலிருந்து நெஞ்சுவரை சிவந்தது.

"சிவப்பு எண்டால்?"

"செத்துப்போவியள். வயரிங் செய்யிற ஆளைக் கூப்பிடுங்கோ. அதுவரைக்கும் மோட்டாரைத் தொடாதேங்கோ."

அண்ணையின் முகம் கறுத்தது. "ஓம், இனி நான் தொடமாட்டன்."

கடைசியில் என் சொல் ஏறிவிட்டதே என்று உள்ளுக்குள் துள்ளினேன்.

அடுத்தநாள் காலை அண்ணை என் முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்தில் மோட்டார் இரையத் தொடங்கியது.

"ஆர் அண்ணை போடுறது?"

"உன்ரை மச்சாள்தான்," என்றார், தன் மனைவியைப் பற்றி, நிம்மதியாக. "தொட்டும் பாக்கச் சொன்னனான். அவவின்ரை காலிலை வெடிப்பில்லையே."

ஈரக்காலுக்கு வெடிப்பே தேவையில்லை என்று சொல்லக்கூட நேரமில்லை. ஓடிப்போய் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கினேன். இரைச்சல் நின்றது. வாழைகளுக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. அண்ணை கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார்.

பிறகு மச்சாளின் குரல், சினத்தோடு:

"ஆர் நிப்பாட்டினது? நான் இன்னும் தொட்டே பாக்கேல்லை. திருப்பிப் போடுங்கோ!"

நான் சுவிட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.