அக்கா திரும்பப் பெற்ற கட்டுரை

எங்கள் வீட்டு மூத்த பிள்ளையாகக் கொடைக்கானல் பக்கத்து மலைக் கிராமமான போளூரில் பிறந்தவர் அக்கா. அப்பா காலமான பிறகு, கேரட் மூட்டை ஏற்றிய வண்டிகளில் கொடைக்கானல் போய்ப் படித்தார். பிடிவாதக்காரர். "இவளக் கட்டிக்கிறவன் பாவம்" என்பார் அத்தை. அத்தான் இன்றுவரை அதை மறுத்ததில்லை.

தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோத் துகள்களாக்கி, இரும்பு அணுவைத் தாங்கிய கரிமச் சேர்மம் ஒன்றுடன் கலப்பதுதான் அக்காவின் முனைவர் பட்ட ஆய்வு. அந்தச் சிவப்புத் திரவம் மெல்லிய ஒளிக்கு வழி விடும், லேசரின் கடும் ஒளியை மறிக்கும். "மெதுவா வந்தா விட்டுரும், முட்ட வந்தா மறிக்கும். நம்ம அம்மா மாதிரி தம்பி" என்று எனக்கு விளக்கினார்.

ஆயுத பூஜையன்று லேசர் முதல் கண்ணாடிக் குப்பி வரை பழனி விபூதியால் பட்டை போட்டவரும் அவரே. அதன் பிறகு வந்த முடிவுகள் அபாரம். நெறியாளர் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டார். அது வெளிவந்தால் பட்டமும், காத்திருந்த கல்லூரி வேலையும் உறுதி. வீட்டில் கேசரி கிண்டினோம்.

அக்காவுக்கு மட்டும் உறுத்தியது. லேசரை மங்கலாக்கி மறுபடி அளந்தார். அப்போதும் குப்பி ஒளியை மறித்தது. துடைத்தும் போகாத விபூதித் துளி ஒன்று, ஒளி குவியும் இடத்தில் குறுக்கே நின்றிருந்தது.

"ஒரு பொட்டுத் தூசிம்மா. யாரு கண்டா?" என்றார் நெறியாளர்.

"நான் கண்டுட்டேனே சார். விபூதி செஞ்ச வேலைய நானோத் துகள் பேருல எழுத முடியாதுங்க."

கட்டுரையைத் திரும்பப் பெற்றார். வேலை வேறொருவருக்குப் போனது. பிழைக்கத் தெரியாதவள் என்றது ஊர். அக்கா அசரவில்லை. புதுக் குப்பியில் தங்கத்தைத் தனியாக, சேர்மத்தைத் தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்து அளந்தார். சேர்ந்தபோது கூடுதலாக மறித்தது உண்மைதான். ஆனால் முன்பு கிடைத்ததில் பாதிகூட இல்லை. அந்தச் சிறிய எண்ணோடுதான் பட்டம் பெற்றார், பிறகு பேராசிரியரும் ஆனார்.

நோயுற்றபோது, "உள்ளத உள்ளபடி சொல்லுங்க டாக்டர். கெடக்குற சோலிய முடிக்கணும்" என்று கேட்டார். மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்திக் கொடுத்துவிட்டே கண்மூடினார்.

இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், கொட்டும் மழையில் போளூர் வரை அக்காவைக் கொண்டுவந்து சேர்த்த ஓட்டுநருக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா மறைந்த சில வாரங்களில், வெளியூர் ஆய்வுக்கூடத்திலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் அவரது கைபேசிக்கு அழைத்தார். நான்தான் எடுத்தேன்.

"மேடம் இருக்காங்களா? அவங்க கலவைய நாங்களும் செஞ்சு அளந்து பாத்தோம். அவங்க சொன்ன அதே எண்தான் வருது."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சொல்லிர்றேங்க" என்றேன்.

அக்கா, நீங்கள் அளந்தது சரியாக இருக்கிறதாம்.