சரோஜா சொல்லியிருந்தாள்

என் மனைவி எது வேண்டாம் என்றாளோ, அதையே அவளுக்குச் செய்தேன். அவள் எதுவும் சொன்னதில்லை என்று டாக்டரிடம் பொய்யும் சொன்னேன்!

பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது. நீங்கள் யாரோ... அதனால்தான் உங்களிடம் வாய் திறக்க முடிகிறது.

மானாம்பதியில் எங்களுக்குக் கொஞ்சம் நஞ்சை உண்டு. ஒரே மகள் தேவியைச் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வயதான காலத்துக்கு ஆகட்டும் என்று, நானும் சரோஜாவும் காப்பீட்டு அட்டை எடுக்க உத்திரமேரூர் போனோம். அட்டை கைக்கு வந்ததும் எனக்கு ஒரே பெருமை. இனிப் படுத்தாலும் கவலையில்லை!

திரும்பும் பஸ்ஸில்தான் அவள் ஆரம்பித்தாள்.

"கார்டு கீது, வைத்தியம் பாப்பாங்க, சரி. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. உங்கம்மாவ நான் பாத்துக்கினேன் இல்ல? எனக்கு அப்டி வாணாங்க. நெனவு தப்பிப் பூட்சினா மூக்குல குழா வெக்காதீங்க. வூட்டுக்கு இட்டாந்து, தண்ணி எறங்குற வரிக்கும் வாயில ஊத்துங்க. அப்பால உட்டுடுங்க."

என் அம்மா கடைசிக் காலத்தில் மூக்குக் குழாயோடு நினைவில்லாமல் கிடந்தார். அந்தக் குழாயில் கஞ்சி ஊற்றியவள் சரோஜா. துடைத்தவள், புரட்டிப் போட்டவள், எல்லாம் அவள்தான். நான் வாசலில் நின்று விசாரித்ததோடு சரி. தெரிந்துதான் சொன்னாள்.

நான் என்ன செய்தேன்? "வெள்ளிக்கெழமை அதுவுமா இன்னா பேச்சு இது? வாயக் கழுவு!" என்று அதட்டினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

எங்கள் பக்கம் அப்படித்தான். கிணற்றுக்குப் போர் போடவும் கல்யாணத்துக்கும் வருஷக்கணக்கில் யோசிப்போம். படுக்கையில் விழுவதைப் பற்றி வாய் திறந்தால் மட்டும் அபசகுனம்.

களத்தில் நெல் துழாவிக்கொண்டிருந்தவள் ஒருநாள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். அட்டை இருந்ததால் ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். வைத்தியத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சில நாட்கள் கழித்து டாக்டர் எங்களை அழைத்தார்.

"முழுங்க முடியல. நினைவு திரும்புறதும் சந்தேகம். மூக்கு வழியா குழாய் போடலாம். வேணாம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். இதப் பத்தி அவங்க எப்பவாவது சொல்லியிருக்காங்களா?"

தேவி என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் சொன்னதில்ல சார்."

ஏன் சொன்னேன்? பெண்டாட்டியைப் பட்டினி போட்டுக் கொன்றான் என்று ஊர் பேசுமே என்ற பயமா? அதுவும்தான். ஆனால் அது மட்டுமில்லை... பூட்டைத் திறந்து நான் மட்டும் உள்ளே போகிற வீடு அந்தக் கணம் கண்முன் வந்தது. அவளுக்காக இல்லை, எனக்காகத்தான் அவளை வைத்துக்கொண்டேன். இதை அன்பு என்று நீங்கள் சொல்வீர்களா? என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போது மூக்கில் குழாயோடு வீட்டுக் கட்டிலில் கிடக்கிறாள். பேச்சு இல்லை. இடது கை மட்டும் அசையும். அது குழாயைப் பிடுங்கத்தான் போகும். அவளுடைய பழைய புடவையைக் கிழித்து, அந்தக் கையைக் கட்டிலோடு கட்டுகிறேன். நான்தான் கட்டுகிறேன்! அவள் என்னையே பார்க்கிறாள்.

'கண்ணு தொறந்து கீது, அவ்ளோதான், ஒண்ணும் புரியாது' என்கிறார் குழாய் மாற்ற வரும் நர்சம்மா. ஊரோ, 'இப்டி ஒரு புருஷன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்' என்கிறது. கேட்கும்போது உடம்பெல்லாம் கூசுகிறது.

போன மாதம் தேவி வந்திருந்தாள். தாயின் காலுக்கு எண்ணெய் தேய்த்தபடியே கேட்டாள்:

"நைனா, கோச்சிக்காத. அம்மாதான் ஒண்ணும் சொல்லாத உட்டுட்டாங்க. நீயாச்சும் சொல்லிடு. உனக்கு இந்த மாரி ஆச்சினா நாங்க இன்னா பண்ணணும்?"

நான் அதட்டவில்லை. யோசிக்கக்கூட இல்லை.

"எனக்குக் குழாயெல்லாம் வாணாம்மா. வூட்லயே உட்டுடுங்க."

"சரி நைனா" என்றாள். அவ்வளவுதான்... அவ்வளவு சுலபம்!

கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். சரோஜாவின் கண்கள் என் மேல் இருந்தன. அவள் கேட்டிருப்பாளா? அப்போதாவது தேவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

கஞ்சிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனேன். கஞ்சியை வடிகட்டி, ஆறவைத்துக் கொண்டுவந்து, குழாயில் ஊற்றினேன்.