ரேடியோ அக்கா பேசிப் பழகிய பாஷை

ரேடியோ அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது அவள் வீட்டுக்காரர்தான். கல்யாணமான மறுநாளே வைத்துவிட்டார். காலையில் கண் விழித்ததும் ஆரம்பித்தால் விளக்கை அணைக்கும்வரை ஓயாது என்பது அவர் கட்சி. "அணைக்கிற திருகு எங்க இருக்குன்னு மட்டும் உங்கப்பா சொல்லாம விட்டுட்டார்" என்பார். அக்கா அதற்கு ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும், என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன.

அந்த ஆள்தான் பல வருஷமாகப் பக்கத்தில் இல்லை. பஸ் பணிமனையில் மெக்கானிக் வேலை கிடைத்து, வேறு பாஷை பேசுகிற ஊருக்குப் போய்விட்டார். அங்கே தன்னைப்போல நாலு ஆண்களோடு ஓர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார். அக்கா கொழுந்தனார் வீட்டு மாடியில் இருந்தபடி மகளை வளர்த்தாள், படிக்க வைத்தாள், நல்ல இடத்தில் கட்டியும் கொடுத்தாள். குடித்தனமெல்லாம் போனிலேயே நடந்தது. மகளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்த அன்றைக்கே அக்கா போனை எடுத்தாள்.

"ஏங்க, நானும் அங்க வர்றேன்."

"வாயேன். ஆனா தனி ரூம் எடுக்கணும். என் ஒருத்தன் சம்பளத்துல தாங்காது. நீயும் ஏதாவது வேலை பாத்தாத்தான் உண்டு."

"பாத்தாப் போச்சு."

"கிடைக்கலைன்னா?"

"கிடைக்கும். அத்தனை ஜனத்துக்குப் படி அளக்கிற கடவுள் எனக்கு மட்டும் கையை மடக்கிக்குவாரா?"

அப்படித்தான் வந்து சேர்ந்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்க் குழாய்தான் காட்சி. ஒரு கட்டில், அதன் அடியில் அவருடைய தகரப் பெட்டி, ஒரு அடுப்பு, சுவரில் சாமி படம். அக்காவுக்கு அரண்மனைக்குள் காலெடுத்து வைத்த மாதிரி இருந்தது. அவர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுகிற சத்தத்தைக் கேட்டே எத்தனை காலமாகிவிட்டது.

வேலையும் கிடைத்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் காப்பகம். வேலைக்குப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை விட்டுவிட்டு சாயங்காலம் வந்து தூக்கிப்போவார்கள். அதை நடத்துகிற அம்மாளை எல்லாரும் டீச்சரம்மா என்பார்கள். நல்லவள்தான், ஆனால் கறார். அவள் பேசியதில் ஓர் எழுத்துக்கூட அக்காவுக்குப் புரியவில்லை. வாசலில் இருந்த காவல்காரர்தான் கைகொடுத்தார். வாலிபத்தில் தமிழ் பேசுகிறவர்களோடு ஒரு மரவாடியில் வேலை பார்த்தவர். மரம் இழுக்கிறவர்களிடம் கற்ற தமிழ் என்பதால், எதைச் சொன்னாலும் தூரத்தில் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரிதான் சொல்வார்.

"ஏய் அக்கா, இங்க வா. டீச்சர் சொல்றா. புள்ளை கழுவு, பாட்டில் கழுவு, வாயை மூடு."

அக்கா திடுக்கிட்டுப் போனாள். "வாயையா?"

"ஆமா. புள்ளைங்க எங்க பாஷைதான் கேக்கணும். அம்மா அப்பா அதுக்குத்தான் இங்க விடுறான். நீ உன் பாஷை பேசினா குழம்பிப் போகும். எங்க பாஷை வந்தா பேசு, வரலைன்னா சும்மா இரு."

இன்னொன்றும் சொன்னார். இப்போது இருக்கிற பெரிய ஆயாவுக்கு ஏழாம் மாதம். அவள் பிரசவத்துக்குப் போனதும், சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பெற்றவர்களிடம் சொல்வது அக்காவின் பொறுப்பு. அதற்குள் பாஷையைப் பேசப் பழகினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் டீச்சரம்மா வேறு ஆள் பார்த்துக்கொள்வாள்.

வேறு ஆள் என்றால் அக்கா மறுபடி கொழுந்தனார் வீட்டு மாடி, வீட்டுக்காரர் மறுபடி அந்த நாலு பேர் அறை. அதை யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் உள்ளே நுழைவதற்குள் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நீங்க இத்தனை வருஷம் இங்க இருக்கீங்க. எனக்குப் பேசச் சொல்லிக்குடுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். "எனக்குத் தெரிஞ்சது ரெண்டே வகைதான். ஒண்ணு, பஸ்ஸோட பாகங்க பேரு."

"இன்னொண்ணு?"

"அது போல்ட்டு கழல மாட்டேங்கும்போது எங்க மேஸ்திரி சொல்றது."

"சாமி படம் இருக்கு. சொல்லிடாதீங்க."

"அதான் சொல்றேன், என்கிட்ட படிச்சுட்டுப் போய்ப் பேசினா அன்னிக்கே வேலை போயிடும்."

இப்படியாக அக்காவுக்கு வாத்தியார் கிடைக்கவில்லை. காப்பகத்தில் வாயைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். பேசாமல் இருப்பது அவளுக்குத் தும்மலை அடக்குவது மாதிரி. உதட்டை இறுக்கிக்கொண்டு பாட்டில் கழுவுவாள், பாய் விரிப்பாள், ஈரத் துணி மாற்றுவாள். பேச்சில்லாத ஆளைக் கண்டு பிள்ளைகளுக்குப் பயம் வந்தது. ஆனால் வாய் சும்மா இருந்ததால் அவள் காது கூர்மையாகிவிட்டது. நாள் முழுக்க அவளைச் சுற்றி யார் பேசுகிறார்கள்? தவழ்கிறவை, தத்தித் தத்தி நடக்கிறவை, மூக்கு ஒழுகுகிறவை. அவர்கள் பேசுவதை அவள் பொறுக்கிக்கொள்ள ஆரம்பித்தாள்.

அவளுக்கு முக்கியமான வாத்தியார் ஒருவன் அமைந்தான். உருண்டையாக, கன்னம் தொங்க இருப்பான். அக்கா அவனுக்குக் குண்டுமணி என்று பெயர் வைத்திருந்தாள். அவன் தாய்க்குப் பாங்கில் பெரிய வேலை. காலையில் அவிழ்ந்த செருப்பு வாரோடு ஓடிவந்து விட்டுவிட்டு ஓடுவாள், சாயங்காலம் எல்லாருக்கும் கடைசியாக வருவாள். குண்டுமணி நன்றாகப் பேசுவான், அவனுக்கே உரிய தினுசில். நம் பேச்சில் சொன்னால், சோறு அவனுக்கு மம்மு, தூக்கம் ஜோஜோ, வலித்தால் ஊவா, வெளியே போனால் டாட்டா. ஒரு காரியம் முடிந்தது என்றால் வயிற்றை இரண்டு கையாலும் இரண்டு தட்டுத் தட்டுவான். சோறு தின்று முடித்தாலும் தட்டு, கை கழுவினாலும் தட்டு, விளையாட்டு அலுத்தாலும் தட்டு. 'போதும், ஆயிற்று' என்பதற்கு இந்த ஊர் வழக்கமே இதுதான் போலிருக்கிறது என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

ஒரு நாள் துணிந்து அவனிடம், "பாப்பா மம்மு திங்குமா?" என்று அவன் பாஷையில் கேட்டாள். அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு ஓடிவந்து மடியில் ஏறினான். மற்றவையும் பின்னால் வந்தன. அன்றோடு வாய்க்கட்டு அவிழ்ந்தது. உள் அறையில் அக்காவின் ரேடியோ பாடத் தொடங்கிவிட்டது. டீச்சரம்மா முன்பக்க அறையில் கணக்கும் போனுமாக இருப்பவள்; அக்கா ஏதோ பேசுகிறாள் என்று மட்டும் அவள் காதில் விழுந்திருக்கும்.

படித்ததைக் கடைத்தெருவிலும் அவிழ்த்துவிட்டாள் அக்கா. காய்கறிக்காரர் நரைத்த மீசைக்காரர். அவரிடம் போய், "மாமா, சேப்பு காய் தா. இந்தப் பாப்பாக்கு நெறைய தா" என்றாள். அவர் நிறுத்துப் போட்டதும் வயிற்றை இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினாள். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். ஒரு கொத்து கீரையைச் சும்மாவே பையில் போட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம், "தள்ளு, பாப்பா உக்காரும்" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

"இந்த ஊர் ஜனங்களுக்கு என்ன சிரிச்ச முகம் தெரியுமா?" என்று மகளிடம் போனில் சொன்னாள். "எது பேசினாலும் சிரிக்கிறாங்கடி."

பெரிய ஆயாவுக்கு எதிர்பார்த்ததற்கு முந்தியே வலி கண்டுவிட்டது. மத்தியானம் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். டீச்சரம்மா காவல்காரரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் அக்காவிடம் வந்து, "ஏய் அக்கா, இன்னிக்குக் கேட்டுல நீ நில்லு. டீச்சர் பாக்கப் போறா" என்றார்.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு மூலையில் கண்ணை மூடி நின்றாள். "கடவுளே, வாயைக் குடுத்த. பாஷையையும் குடுத்த. இனி நாக்கு குழறாம நீதான் பாத்துக்கணும்." நாக்கு குழறவில்லை. அந்த வேண்டுதல் அப்படியே பலித்தது.

முதலில் ஒரு சின்னப் பெண்ணின் அப்பா வந்தார். கண்ணாடி போட்ட, பெரிய மனிதத் தோரணையுள்ளவர். அக்கா பளிச்சென்று தொடங்கினாள். "அப்பா வந்தாச்சு. பாப்பா சமத்து. மம்மு தின்னுச்சு. உச்சா போச்சு, தொடச்சு விட்டாச்சு. அழலை." வயிற்றில் இரண்டு தட்டு.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் நின்ற தாய்மார்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்காவும் கூடவே சிரித்தாள், ஊர் வழக்கம் என்று. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே சொன்னாள். சிரிப்பு கூடியது. ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதுதான் டீச்சரம்மா மட்டும் சிரிக்காமல் நிற்பதை அக்கா பார்த்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. எங்கேயோ பிசகிவிட்டது என்று அக்காவுக்குத் தெரிந்தது. என்ன பிசகு என்றுதான் பிடிபடவில்லை.

டீச்சரம்மா காவல்காரர் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ சொன்னாள். அவர் அக்காவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க அண்ணே?"

"ஒண்ணும் இல்ல. அப்புறம் சொல்றேன்." அந்த ஆள் மெல்லப் பேசி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

வேறு ஆள் பார்க்கப் போகிறார்கள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் கடைசி ஆளாகக் குண்டுமணியின் தாய் மூச்சிரைக்க வந்து நின்றாள். குண்டுமணி அக்காவின் இடுப்பில் இருந்தான். சொல்லாமல் விடலாமா? பெற்றவள் காத்து நிற்கிறாள். வேலை நாளைக்குப் போகட்டும், இன்றைக்கு உள்ளதைச் சொல்லித்தானே ஆக வேண்டும். தனக்குத் தெரிந்த ஒரே பாஷையில், சத்தத்தைத் தணித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா வந்தாச்சு. பாப்பா மம்மு தின்னுச்சு, காய் தூ தூன்னு துப்பிடுச்சு. பாப்பா ஜோஜோ. முழிச்சு, அம்மா எங்கேன்னு கேட்டுச்சு. ஜன்னல்ல ஏறி, அம்மா டாட்டா, அம்மா வேலை, அம்மா வரும் வரும்னு சொல்லுச்சு. அழலை. சின்ன பாப்பா அழுதுச்சு. இது போயி, ஊவா இல்ல ஊவா இல்லன்னு தடவி விட்டுச்சு."

சொல்லி முடித்துப் பழக்கத்தில் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள். அதே நேரத்தில், இடுப்பில் இருந்த குண்டுமணியும் தன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினான்.

வாசலே சிரித்தது. அவன் தாய் மட்டும் சிரிக்கவில்லை. மகனையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். தோள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். எப்போதும் அவசரத்தில் பறக்கிறவள் அந்தப் பையைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"நிஜமா அவன் போய்த் தடவி விட்டானா?" என்று கேட்டாள். காவல்காரர் தமிழில் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள்.

"இன்னும் சொல்லச் சொல்லுங்க" என்றாள் அந்தத் தாய்.

அக்கா சொன்னாள். எந்தப் பொம்மையை யாருக்கும் தர மாட்டான், எதைக் கண்டால் பயம், தூங்கும்போது யார் காதைப் பிடித்துக்கொள்வான், எல்லாம் சொன்னாள். திருகு இல்லாத ரேடியோ அல்லவா. அந்தத் தாய் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு டீச்சரம்மாவிடம் திரும்பினாள்.

"இத்தனை நாளா எனக்குக் கிடைச்சதெல்லாம் 'சாப்பிட்டான், தூங்கினான்', அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள இவன் தூங்கி வழியறான். இவன் குரலையே நான் ஞாயித்துக்கிழமைதான் கேக்கறேன். இந்த அம்மா பேசறது இவன் பேசற மாதிரியே இருக்கு. அச்சு அசல்."

டீச்சரம்மா தயங்கினாள். "பெரியவங்ககிட்டப் போய் இப்படிப் பேசறாங்களே. கேக்கறவங்க சிரிக்கிறாங்க, காப்பகத்துக்குத்தான் கேவலம்."

கண்ணாடிக்காரர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னும் போகாமல்தான் நின்றிருந்தார். "என் பொண்ணு உச்சா போனதை இவ்வளவு அக்கறையா என்கிட்ட யாரும் சொன்னதில்லைங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல" என்றார். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை டீச்சரம்மாவின் உதடும் கொஞ்சம் நெளிந்தது; சரி என்று காவல்காரருக்குத் தலையை ஆட்டினாள்.

காவல்காரர் பழைய தொண்டைக்குத் திரும்பினார். "ஏய் அக்கா, நாளைக்கு வா. ஆனா மத்தியானம் புள்ளை தூங்கும்போது என்கிட்ட உக்காரு. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு நான் சொல்லித் தர்றேன். நீ எல்லாரையும் பால் குடிக்கிற புள்ளை மாதிரி பேசுற."

அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அப்ப காய்கறிக்காரர்?"

"தெருவே சிரிக்குது. யாருக்கும் மனசு வரல, அதான் உன்கிட்ட சொல்லல."

"வயித்துல தட்டறது?"

"அது இந்தக் குண்டன் மட்டும்தான்."

அக்கா அறைக்கு வந்தபோது வீட்டுக்காரர் முன்னதாகவே வந்திருந்தார். கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டி நடு அறையில் இருந்தது. அவர் சட்டைகள் இரண்டு அதற்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பெரிய ஆயாவை ஆட்டோவில் ஏற்றியதுமே, இன்றைக்கே பரீட்சை என்று அக்கா அவருக்குப் போன் பண்ணியிருந்தாள்.

"பெட்டி ஏன் வெளியில வந்திருக்கு?"

"தூசி தட்டலாம்னு எடுத்தேன்."

"சட்டையையும் சேத்தா?"

பழைய அறைக்காரர்களிடம் பாய் போட இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அக்கா நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அவள் சொல்லிச் சொல்லி வரும்போதே அவர் சட்டைகளை எடுத்து ஆணியில் மாட்டினார். பெட்டியைக் காலாலேயே கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"அப்ப இத்தனை நாளும் ஊர்க்காரங்க எல்லார்கிட்டயும் பாப்பா பாஷையிலதான் பேசிட்டிருந்தியா?"

"நீங்க உங்க மேஸ்திரி மாதிரி பேசறதுக்கு இது எவ்வளவோ தேவலை."

அவர் கையைப் பார்த்தாள். கறுப்பு எண்ணெய் விரல் இடுக்கெல்லாம் இருந்தது. காப்பகத்துப் பாஷையிலேயே அதட்டினாள். "கை காட்டு. சீ, அழுக்கு. டாட்டா போயி கழுவிட்டு வா. அப்புறம் மம்மு."

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். அவள் பரிமாறினாள். சாமி படத்துக்கு முன்னால் இருவரும் கொஞ்ச நேரம் கை கூப்பிவிட்டு உட்கார்ந்தார்கள். அக்கா பேசிக்கொண்டே இருந்தாள். அவர் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டு தின்றார். அவள் மூன்றாம் தடவை கரண்டியை எடுத்தபோது போதும் என்று வாயால் சொல்லவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் இரண்டு தட்டுத் தட்டினார்.