சுவருக்கு விட்ட துணி

என் தங்கைக்கு ஊரில் வழங்கும் பெயர் 'முக்கால்'. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது பள்ளிச் சான்றிதழில் பத்திரமாக உறங்குகிறது. எந்தச் சட்டையைத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே முக்கால் இஞ்சு துணியை மடித்து விட்டுவிடுவாள். பிள்ளைகள் வளர்ந்தால் பிரித்துக்கொள்ளலாம், பெரியவர்கள் பெருத்தாலும் பிரித்துக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பில் தைத்த சட்டையையே பிரித்துப் பிரித்து ஒருவன் தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டான் என்று நான் சொல்வேன். அவள் மறுப்பாள். வரவேற்புக்கு மட்டும்தான் போட்டானாம்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறினாள். எந்த வீட்டிலும் அவளுடைய மெஷினுக்கென்று ஓர் இடம் இருந்ததில்லை. முதல் வீட்டில் சமையலறை மூலை. தைத்துக் கொடுத்த உடுப்பெல்லாம் வதக்கிய வெங்காய வாசனையோடு போய்ச் சேர்ந்தது. இரண்டாவதில் மாடிப்படித் திருப்பம். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் கத்தரிக்கோலைத் தாண்டித்தான் போக வேண்டும். மூன்றாவது வீடு இருந்த லட்சணத்தில், மெஷினின் மூன்று கால் கூடத்தில் நின்றது, ஒரு கால் குளியலறைக்குள் நின்றது. அவள் தைக்கும்போது யாரும் குளிக்க முடியாது. பள்ளி திறக்கும் மாதம் சீருடை வந்து குவிந்ததில், அந்தக் குடும்பமே ஒன்பது நாள் குளிக்கவில்லை. நாலு நாள் என்று அவள் சொல்வாள். ஒன்பது என்றால்தான் கேட்க நன்றாக இருக்கிறது.

அவள் ஆசைப்பட்டது ஓர் அறை. அதற்கு ஒரு கதவு, வடக்குப் பார்த்து ஒரு ஜன்னல். விளக்கடியில் கருநீல நூலும் கறுப்பு நூலும் ஒன்றுதான். வடக்கு வெளிச்சத்தில்தான் அவை தனித்தனியாகத் தெரியும். இதைப் புரிந்துகொள்ளத் தையல்காரியாக இருக்க வேண்டும். அவள் புகுந்த வீட்டில் வேறு தையல்காரர் யாரும் இல்லை.

இருந்தவர் சர்வேயர். அவள் கணவரின் அண்ணன். முப்பத்தைந்து வருஷம் வயலையும் காட்டையும் அளந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஒரு மனை வாங்கி, இரண்டு குடும்பத்துக்குமாக ஒரே வீடு கட்டுவது என்று முடிவானபோது, வீட்டுப் படத்தை வேறொருவன் போடுவதா என்று அவரே பென்சிலைச் சீவினார். அவர் சீவின பென்சிலால் கொசுவுக்கு ஊசி போடலாம்.

கட்டிடத்துக்குக் கிடைத்த அகலம் முப்பதடி. இடப்பக்கம் வரிசையாக அறைகள், பத்தடி. வலப்பக்கம் கூடம், பதினாலடி. நடுவே வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நேராக ஆறடி அகலத்தில் ஒரு நடை. அந்த நடைதான் அவருடைய செல்லப்பிள்ளை. நாலு பேர் ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது, எதிரே இன்னொரு பீரோ வந்தாலும் இடிக்கக் கூடாதாம். இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து இருந்ததே ஒரு பீரோதான்.

படத்தை மேஜையில் விரித்தார்கள். என் தங்கை சமையலறையைப் பார்த்தாள், படுக்கையறைகளைப் பார்த்தாள், செருப்பு வைக்கும் இடத்தைக்கூடப் பார்த்தாள். மெஷின் எங்கே என்று கேட்டாள்.

"மாடிப்படிக்கு அடியில போட்டிருக்கேன்மா. உட்கார்ந்துதானே தைக்கிறே, உயரம் எதுக்கு?" என்றார் சர்வேயர்.

எல்லோரும் நல்ல யோசனை என்று தலையாட்டினார்கள். அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஒரே நேரத்தில் மூன்று கண்ணாடியைப் பார்க்கத் தெரிந்த மனுஷர், அப்போது மட்டும் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனாரை வரச்சொல்லி, மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்ப்பது என்று பேச்சு முடிந்தது.

மறுநாள் காலை படத்தின் நகலோடு என் வீட்டுக்கு வந்தாள். அழுவாள் என்று நினைத்து நான் தண்ணீர்ச் சொம்போடு வந்தேன். அவள் அழவில்லை. ரவிக்கைக்கு வெட்டுகிற காகிதத்தைப் பார்ப்பதுபோல் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சொம்பை வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"அக்கா, இதுல தையலுக்குத் துணியே விடலை."

எனக்குப் புரியவில்லை. விரலை வைத்துக் காட்டினாள். பத்தும் ஆறும் பதினாலும் முப்பது. கணக்கு சரி. அப்படியானால் சுவர் எங்கே? குறுக்கே நடந்தால் நாலு சுவர். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குலம், அதாவது முக்கால் அடி. நாலு முக்கால், மூன்று அடி. முப்பதடிக்குள் முப்பத்து மூன்றடி வீட்டைப் படுக்கவைத்திருந்தார் மனுஷர்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒருவன் வயலுக்கும் அடுத்தவன் வயலுக்கும் நடுவே உள்ள எல்லை, வரைபடத்தில் வெறும் கோடு. கோட்டுக்கு அகலம் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் அகலமில்லாத கோடுகளோடு குடித்தனம் நடத்தியவர், சுவரையும் அப்படியே போட்டுவிட்டார். என் தங்கையோ ஓரம் விடாமல் ஒரு கைக்குட்டைகூடத் தைத்ததில்லை.

போய்ச் சொல்லேன்டி என்றேன். "வாயால சொன்னா அவர் ஜெயிச்சிடுவார் அக்கா. விரிச்சுக் காட்டணும்" என்றாள்.

அந்த வாரம் அவள் சுவர் தைத்தாள். மீந்துபோன லைனிங் துணி, பழைய விரிப்பு, கிழிந்த திரை, எல்லாவற்றையும் ஒன்பது அங்குல அகலத்தில் கிழித்து, முனையோடு முனை இணைத்துச் சுருட்டி வைத்தாள். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தேன். ஆறு நாளில் இருநூற்று ஐம்பது அடிச் சுவர். பூப்போட்ட சுவர், கட்டம்போட்ட சுவர், ஒரு பக்கம் சாயம்போன சுவர். உலகத்தில் வேறு யாராவது சுவர் தைத்திருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனையில் எல்லோரும் கூடினோம். கொத்தனார் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டார். வலது ஓரத்தில் பக்கத்து வீட்டு டீச்சரின் வேலி; அந்தப் பக்கம் அவர் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சர்வேயர் சுண்ணாம்பு டப்பாவைத் திறக்கும் முன், என் தங்கை ஐந்து நிமிஷம் வேண்டும் என்று கேட்டு மூட்டையை அவிழ்த்தாள்.

இடது ஓரக் கயிற்றை ஒட்டி முதல் சுவரை விரித்தாள். பத்தடி அளந்தாள். இரண்டாவது சுவர். ஆறடி. மூன்றாவது சுவர். பதினாலடி அளப்பதற்குள் டேப் வேலிக்கு உள்ளே போய்விட்டது. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் வேலிக் கம்பிக்கு நடுவே கையை விட்டு, பூப்போட்ட நாலாவது சுவரை அந்தப் பக்கம் விரித்தாள். அது கத்தரிச் செடிகளின்மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

டீச்சர் தண்ணீர்க் குழாயைத் தாழ்த்தினார். "உங்க கூடம் என் பாத்தியில வந்து முடியுது. நாற்காலி கொண்டுவந்து போடட்டுமா?" என்று கேட்டார்.

சர்வேயர் தன் டேப்பை எடுத்தார். மூன்று தரம் அளந்தார். மூன்று தரமும் கத்தரிக்காய்தான் வந்தது. படத்தைப் பார்த்ததுமே, சுவர் சேராத உள்ளளவா சுவரும் சேர்ந்த வெளியளவா என்று கேட்க வாயெடுத்ததாகவும் சர்வேயர்தான் கேட்க விடவில்லை என்றும் கொத்தனார் மெதுவாகச் சொன்னார். சர்வேயர் காது சிவந்தது. படுக்கையறைகளை ஏழடியாகக் குறைத்துவிடலாம் என்றார். அப்போதுதான் டிரைவருக்கு வாய் திறந்தது. தன் கால் மட்டும் எங்கே படுப்பது, அண்ணனுடைய நடையிலா என்று கேட்டார்.

என் தங்கை குனிந்து, நடையின் ஒரு பக்கச் சுவரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அதை ஏன்மா எடுக்கிறே?"

"துணி பத்தலைன்னா முதல்ல அழகுக்கு வச்ச மடிப்பைத்தான் எடுப்போம் மாமா. உடம்புல கை வைக்கமாட்டோம்."

நடை போயிற்று. அறைகளின் கதவுகள் நேராகக் கூடத்துக்கே திறந்தன. குறுக்கே இப்போது மூன்றே சுவர். கூடம் அதே பதினாலடி. கத்தரிச் செடிகள் விடுதலை ஆயின. அத்தனையும் போக மூன்றே முக்கால் அடி மிச்சம். அதை இடப்பக்க அறைகளுக்குச் சேர்த்தாள். பத்தடி அகலம் பதிமூன்றே முக்கால் ஆனதும், அறைகள் அவ்வளவு நீளமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒவ்வொன்றின் குறுக்குச் சுவரையும் விரித்து, முழம் முழமாகத் தெற்கே தள்ளிக்கொண்டே போனாள். ஒருவருக்கும் ஒரு சதுர அடி குறையவில்லை. கொத்தனார் பீடியைப் பற்றவைக்க மறந்து, வாயில் வைத்தபடியே பின்னால் போய்க்கொண்டிருந்தார்.

வடக்குக் கோடியில் ஏழடி மீந்தது. அதன் ஓரத்தில் கட்டம்போட்ட கடைசிச் சுவரை விரித்துவிட்டு அவள் நிமிர்ந்தாள்.

சர்வேயர் கேட்டார்: "இது என்ன அறை?"

"என் அறை."

இரண்டே சொல். இருபத்திரண்டு வருஷமாக அவள் வாயில் அது வந்து நான் கேட்டதில்லை. டீச்சர் குழாயை மூடிவிட்டார்.

சர்வேயர் அந்த ஏழடிக்குள் இறங்கி நடந்தார். சுவரை மிதிக்காமல், கதவு வரப்போகும் இடைவெளி வழியாகத்தான் நுழைந்தார் என்பதை நான் கவனித்தேன். வடக்குக் கோடியில் நின்று வெளிச்சத்தைப் பார்த்தார். பிறகு படத்தை முழங்காலில் வைத்து நடையை அழித்தார், சுவர்களை இரட்டைக் கோடாகப் போட்டார், ஜன்னலைக் குறித்தார். அவர் போடும் எந்தப் படத்திலும் கீழே 'அளந்தவர்' என்று எழுதி அவர் பெயர் இருக்கும். அந்தப் பெயரை அடித்துவிட்டு அவள் பெயரை எழுதினார். 'முக்கால்' என்று இல்லை. சான்றிதழில் உறங்குகிற முழுப்பெயர். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீடு எழும்பியது. குடிபோன அன்று நாலு பேர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் வடக்கு ஜன்னலடியில் வைத்தார்கள். எதிரே எந்தப் பீரோவும் வரவில்லை. அவள் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான்.

மாடிப்படிக்கு அடியில் இப்போது சர்வேயரின் மேஜை இருக்கிறது. உட்கார்ந்துதானே வரைகிறார்.

குடிபோன மூன்றாம் மாதம் ஒருநாள் நான் கூடத்தில் இருந்தேன். புது வீட்டுச் சாப்பாட்டில் இடுப்பு பெருத்துவிட்ட சர்வேயர், கையில் ஒரு கால்சட்டையோடு வந்து அந்தக் கதவை இரண்டு விரலால் தட்டினார். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"இந்தத் தையல் முடியட்டும் மாமா. அங்கேயே நில்லுங்க."

நின்றார்.